அகிதாவிலிருந்து அக்காவுக்கு

அக்கா,

அன்றைக்குப் பாதியிலேயே லைன் போய்விட்டது, அதனால் எழுதுகிறேன். இங்கே பனி கொட்டிக்கொண்டே இருக்கிறது, வாசலில் வழி வெட்டினால்தான் வேலைக்குப் போகலாம். மற்றப்படி சுகம்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் புற்றுநோயால் வயிற்றில் பாதியை வெட்டியெடுத்தவர்கள் இருக்கிறார்கள், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊட்டவேண்டும். யப்பானிலேயே வயிற்றுப் புற்றுநோய்ச் சாவு கூடிய மாகாணங்களில் அகிதாவும் ஒன்று. உப்பு ஊறுகாய் இல்லாமல் இவர்களுக்குச் சோறு இறங்காது, அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் முதல் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பக்டீரியா.

அது உனக்கும் தொற்றிவிடாதா என்று கேட்டீர்கள். எனக்கு அது ஊரிலேயே தொற்றிவிட்டதாம்! கமரா விட்டுப் பார்த்த டொக்டர்தான் சொன்னார். பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டு ஆட்களிடமிருந்தே வருமாம், நெருக்கியடித்து இருக்கிற இடத்தில் இன்னும் கூட. முகாமில் நாங்கள் எல்லோரும் ஒரே கூடாரத்துக்குள் கிடந்தோமே, பிறகென்ன.

பயப்படாதீர்கள், பெயர் ஒன்றென்றாலும் அதற்குள் பல வகை. சிலதில் காக்-ஏ என்றொரு மரபணு இருக்கும், சிலதில் இருக்காது. இருந்தால், அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தைக் கிருமி ஊசி போட்டமாதிரி எங்கள் வயிற்றுக் கலங்களுக்குள் ஏற்றிவிடும். யப்பான், கொரியாப் பக்கத்து வகையின் புரதம் கலத்துக்குள் இருக்கும் ஷிப்-2 என்ற நொதியை இறுகப் பிடித்து, கலம் கட்டுப்பாடில்லாமல் பெருகத் தூண்டும். தெற்காசியாவில் கூடுதலாக இருக்கும் வகையோ அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்காது. எங்கள் பக்கம் இந்தக் கிருமி நிறையப் பேருக்கு இருந்தும் புற்றுநோய் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். இது மட்டும் இல்லை, சாப்பாடு, சிகரெட், ஆளின் உடல்வாகு எல்லாம் சேர்ந்ததுதான்.

அதற்காக எங்கள் கிருமி நல்ல கிருமி என்று சும்மா இருக்கேலாது, அல்சர், அதுதான் வயிற்றுப் புண், எங்கள் வகையாலும் வரும். அம்மா தன் வயிற்றெரிவுக்கு உறைப்பைக் குறை சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டுகிறா. அவுஸ்திரேலியாவில் வாரன், மார்ஷல் என்ற இரண்டு டொக்டர்கள் 1982இல் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்த பிறகும், அல்சர் இதால் வரும் என்று கனபேர் நம்பவில்லை, 1984இல் மார்ஷல் அதைக் குடித்துத் தனக்கே இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள், அம்மா இன்னும் மிளகாய்த்தூளிலேயே நிற்கிறா.

அம்மாவை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஊதிப் பார்க்கும் சோதனை என்றால், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் குளிசையை இரண்டு கிழமைக்கு முன்பே நிறுத்தவேண்டும், இல்லாவிட்டால் இருப்பதும் இல்லை என்று காட்டும், ஆனால் டொக்டரைக் கேட்டுத்தான் நிறுத்துங்கள். முழங்கால் நோவுக்குப் பாமசியில் வாங்கிப் போடும் குளிசை புண்ணை மோசமாக்கும், அதையும் டொக்டரிடம் காட்டுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ இரத்தமாக வாந்தி எடுத்தாலோ விடியட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

எனக்கு 7 நாள் மருந்து தந்தார்கள், வாயெல்லாம் ஒரே கசப்பு. போய்விட்டதா என்று பிறகு திரும்பச் சோதிப்பார்கள். அம்மாவின் பழைய மருந்துச் சீட்டுகள் அலமாரியில் இருந்தால் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுங்கள்.

தம்பி