கே.ஓ.டி தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்த அண்ணனுக்கு

2012 மே மாதம், கொடைக்கானல் சீசன். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்று, ஒரு ஹோட்டலில் ரூம் பாயாக இருந்தேன். ரிசப்ஷனுக்கு ஆள் தேவை என்றார்கள், போய்க் கேட்டேன். "டிகிரி இல்லாதவனுக்குக் கவுன்டரில் என்ன வேலை?" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

அண்ணா, நீங்கள் அதே ரிசப்ஷனில் நைட் ஷிப்ட். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அன்று இரவு டீ வாங்கிவரச் சொல்லி, பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டீர்கள். அப்புறம் தினமும் ஒன்றரை மணிக்கு மேல் வகுப்புதான். அறை வாடகையை ஒவ்வொரு பில்லிலும் ஏற்றி, ரெஸ்டாரன்ட் கணக்கோடு ஒத்துப்பார்த்து நாளை முடிக்கும் நைட் ஆடிட். வெளிநாட்டவர் தங்கினால் அவர்கள் விவரத்தை எழுதி 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அப்போது அனுப்ப வேண்டியிருந்த சி ஃபார்ம். என் ஆங்கிலத்தைக் கேட்டு நீங்கள் சிரிக்கவே இல்லை. கிச்சனுக்கு ஆர்டர் எழுதி அனுப்பும் கே.ஓ.டி தாள்களில் பழையவற்றின் பின்பக்கம் "மே ஐ ஹேவ் யுவர் ஐடி ப்ளீஸ்" என்று தமிழ் எழுத்திலேயே எழுதிக் கொடுத்தீர்கள். அந்த "ப்ளீஸ்"க்கு மட்டும் இரண்டு அடிக்கோடு!

ஊரில் வேலை என்று நான்கு நாள் லீவு போட்டீர்களே, ஊரில் ஒரு வேலையும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. "அந்தப் பையனை உட்கார வையுங்கள், பார்த்துக்கொள்வான்" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

இப்போது மதுரையில் ஃப்ரன்ட் ஆபீஸ் மேனேஜராக இருக்கிறேன். உங்கள் பழைய நம்பர் வேலை செய்யவில்லை. இது கண்ணில் பட்டால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அண்ணா. இந்த முறையும் டீ நானே வாங்கி வருகிறேன்.