கட்டம் போட்ட நோட்டு

அன்புள்ள சேகர்,

உன் மெயில் வந்து மூன்று வாரம் ஆகிறது, கோபிக்காதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது பேப்பரை என் கையிலிருந்து பிடுங்கிப் படிக்கிறார்.

க்வாண்டம் பிழைதிருத்தத்தை, அதாவது க்வாண்டம் கணினியில் வரும் பிழைகளைச் சரிசெய்யும் முறையை, எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய். நான் நேரே இயற்பியல் பக்கம் போய் ஆறு மாதம் வீணாக்கினேன், நீ அப்படிச் செய்யாதே. 1950இல் கணிதவியலாளர் ஹாமிங் வெளியிட்ட, பிழை திருத்தும் கோடில் (code) ஆரம்பி. ஏழு பிட், மூன்று பாரிட்டி சோதனை (சொன்ன இடங்களில் உள்ள 1கள் இரட்டைப்படையா என்று பார்ப்பது): 1, 3, 5, 7 ஒன்று, 2, 3, 6, 7 ஒன்று, 4, 5, 6, 7 ஒன்று. ஐந்தாவது பிட் புரண்டால் முதல் சோதனையும் மூன்றாவதும் தப்பு காட்டும். அந்த இரண்டும் தொடங்கும் இடங்களான 1-ஐயும் 4-ஐயும் கூட்டு, 5 வந்துவிடும். உள்ளே என்ன தகவல் இருக்கிறது என்று பார்க்காமலே எது கெட்டது என்று தெரிகிறது பார், அளந்தாலே கலைந்துபோகிற க்யூபிட்டுக்கு (க்வாண்டம் கணினியின் பிட்) வேண்டியதும் அதுதான். எந்த இரண்டு சோதனையை எடுத்தாலும் பொதுவாக இரண்டு பிட் இருக்கும். அது இரட்டைப்படை என்பதால்தான் 1996இல் இயற்பியலாளர் ஸ்டீன் இதே அட்டவணையை பிட் பிழைக்கு (0, 1 இடம் மாறுவது) ஒருமுறை, ஃபேஸ் பிழைக்கு (க்யூபிட்டில் மட்டும் வரும், குறி மாறும் பிழை) ஒருமுறை என்று வைத்தும் ஒன்றையொன்று கலைக்கவில்லை.

அப்புறம் இயற்பியலாளர் கிட்டேவின் டோரிக் கோட், அதாவது எதிரெதிர் ஓரங்களை ஒட்டி டோரஸாக (நடுவில் ஓட்டை உள்ள வடை வடிவம்) ஆக்கிய கட்டத்தில் அமைந்த கோட். கட்டம் போட்ட நோட்டில் கோடுகள்தான் க்யூபிட். சில கோடுகளைப் பிழை என்று பென்சிலால் அழுத்தி வரைந்தேன், ஒற்றைப்படையாகப் பிழைக் கோடு சேரும் முனைகளில் மட்டும் சிவப்புப் புள்ளி, சோதனைக்குத் தெரிவது அதுதான். எந்த கிராஃபிலும் (முனைகளைக் கோடுகள் இணைக்கும் படம்) ஒற்றைப்படை முனைகளின் எண்ணிக்கை இரட்டைப்படைதானே, அதனால் புள்ளிகள் ஜோடியாகத்தான் வரும். புள்ளிகளை மட்டும் இன்னொரு தாளில் போட்டு மகளிடம் கொடுத்தேன். அவள் வேறு வழியாக இணைத்தாள். தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் அவள் வழியும் என் வழியும் சேர்ந்து நாலு கட்டத்தைச் சுற்றிய ஒரு வளையம், அவ்வளவுதான், தகவலுக்கு ஒன்றும் ஆகவில்லை! வளையம் டோரஸையே சுற்றிவந்தால்தான் ஆபத்து. எந்தக் கோடு உண்மையில் கெட்டது என்று கண்டுபிடிக்கவே வேண்டாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. குறைந்த நீளத்தில் ஜோடி சேர்க்க கணிதவியலாளர் எட்மண்ட்ஸ் 1965இலேயே வழி சொல்லிவிட்டார்.

இப்போது டேனர் கிராஃபில் (ஒவ்வொரு சோதனையையும் அது பார்க்கும் பிட்களோடு கோடுகளால் இணைக்கும் படம்) மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஸ்டீனுக்குக் கைகொடுத்த அந்த இரண்டு பொது பிட்டே இங்கே நாலு கோடுள்ள வளையமாகி டீகோடரை (பிழையைக் கண்டுபிடிக்கும் நிரல்) குழப்புகிறது. பொங்கலுக்கு வருவாய் அல்லவா, ஒரு நோட்டு வாங்கி வா, என்னுடையது மகளிடம் போய்விட்டது.

அன்புடன்,
ரவி