நெஞ்சுக்கூட்டுக் கட்டியில் ஊசி வைக்கும் முன்: கதிரியக்க மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கதிரியக்க மருத்துவர்களுக்கும் ஸ்கேன் மையப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

மார்பெலும்புக்குப் பின்னால், இரு நுரையீரல்களுக்கும் நடுவே ஒரு கட்டி தெரிந்தால், தைமோமா (தைமஸ் சுரப்பிக் கட்டி) அல்லது லிம்போமா (நிணநீர்த் திசுப் புற்று) என்று எழுதி, ஊசியால் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிக்குப் பரிந்துரைப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். அவ்விடத்துக் கட்டிகளில் ஹெமாஞ்சியோமா எனும் இரத்தக்குழாய்க் கட்டி 0.5 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால், அப்பெயர் நம் நினைவுக்கே வருவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம்பெண்ணின் சி.டி. படத்தில், கட்டிக்குள் கடுகளவில், உருண்டையாக ஒரு சுண்ணாம்புப் புள்ளியைக் கண்டும் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. ஊசி போட்டபோது திசு வரவில்லை, இரத்தம்தான் வந்தது. அறுவைக்குப் பிறகு வந்த திசு அறிக்கை, அது புற்றே அல்லாத ஹெமாஞ்சியோமா என்றது. நான் கண்ட புள்ளி, தேங்கிய இரத்தம் உறைந்து இறுகிய சிரைக்கல். பத்தில் ஒரு நோயாளியிடம்தான் அது தென்படும். தென்பட்டால் அதைவிட நல்ல தடயம் வேறில்லை. அன்று அதை நான் எழுதியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஊசியே தேவைப்பட்டிருக்காது என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

இக்கட்டிக்குள் இரத்தம் மெதுவாகவே நகர்கிறது. ஆகவே இரத்தம் ஓடும் இடங்களைப் படத்தில் வெண்மையாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்திய அரை நிமிடத்தில் எடுத்த படத்தில் அது மங்கிய சதைக்கட்டி போலவோ நீர்க்கட்டி போலவோ ஏமாற்றும். சில நிமிடங்கள் கழித்து எடுத்தால், ஆங்காங்கே திட்டுத்திட்டாக ஏறிய மருந்து பரவிப் பெருகியிருப்பது பல நேரங்களில் தெரியும். எம்.ஆர்.ஐ.யில், டி2 எனும் வகைப் படத்தில், நீரைப் போல வெண்மையாக ஒளிரும்.

எனவே சந்தேகம் எழும்போது, நோயாளி மேசையைவிட்டு இறங்குமுன், கட்டி உள்ள பகுதிக்கு மட்டும் தாமதப் படம் ஒன்று எடுங்கள். கூடுதல் கதிர்வீச்சு குறித்த கவலை நியாயமானதே, இளவயதினருக்கு எம்.ஆர்.ஐ.யை நாடலாம். மருந்து செலுத்தும் முன் எடுத்த படங்களையும் தவறாமல் பாருங்கள், ஏனெனில் மருந்தின் வெண்மையில் சிரைக்கல் மறைந்துவிடும். ஸ்கேன் மையத்தார் தேர்ந்தெடுத்த சில படங்களை ஃபிலிமில் அச்சிட்டுத் தருவதோடு நில்லாமல், எல்லாப் படங்களும் அடங்கிய குறுந்தகட்டையும் நோயாளியிடம் கொடுங்கள்.

இத்தடயங்களில் ஒன்று தென்பட்டாலும் அறிக்கையில் 'ஹெமாஞ்சியோமாவாக இருக்கலாம்; ஊசி போடுமுன் அறுவை மருத்துவருடன் கலந்துபேசவும்' என்று ஒரு வரி சேர்க்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவனான கதிரியக்க மருத்துவன்