கொறங்காடும் வகுப்பறைதான்

ஐயா,

எங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியை ஒருவர் மாசிக் கடைசியில் பிள்ளைகளைப் பக்கத்துக் கொறங்காட்டுக்கு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்துக்கு, அழைத்துச் சென்றார். நாட்காட்டியில் இளவேனில் சித்திரையில்தான்; மரங்கள் அதுவரை காத்திருப்பதில்லை. வழியில் இலையுதிர்ந்த இலவ மரம் உச்சிவரை சிவந்திருந்தது. புங்கன் தளிரையும் வேம்பின் அரும்பையும் பிள்ளைகள் நோட்டில் வரைந்தார்கள். வேலிக் கிளுவை காய்ந்துவிட்டதா என்று ஒரு சிறுமி நகத்தால் கீறிப் பார்த்தாள், உள்ளே பச்சை! அவள் முகத்தில் என்ன வியப்பு!

மலைக்காடுகளில் அது தீ பரவும் காலம். அங்கே பிள்ளைகளை அழைத்துச் செல்வது சரியல்ல. கொறங்காடு, கோயில் தோப்பு, குளக்கரை போதும். காங்கேயம், தாராபுரம் வட்டாரப் பள்ளிகளுக்குக் கல்வித்துறை இதற்கென ஒரு நாளை ஒதுக்க வேண்டும், முழுஆண்டுத் தேர்வு நெருக்கும் முன்பே.

– வாசகர், காங்கேயம்