எத்தனாவது நாள் என்று யாரும் கேட்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் பெண்கள் நலப் பக்கத்தில், ஹார்மோன் பரிசோதனைக்கு இனி அலைய வேண்டாம், போனில் பதிவு செய்தால் வசதியான நாளில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தீர்கள். 'வசதியான நாளில்' என்பதைப் படித்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன். 19 வருஷமாக வாங்குகிறேன், பாதியில் மூடியது இதுதான் முதல் தடவை.

2024 மே மாதம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மருமகன் கரையில் இருந்தார். மகளுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. சரி, இந்த 61 நாளுக்குள் இருவருக்கும் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடலாம் என்று பதிவு செய்ய உட்கார்ந்தோம். எங்கள் ராமேஸ்வரம் தீவின் பின்கோடைப் போட்டதும் 'இங்கே சேவை இல்லை' என்று வந்தது. கடைசியில் ஒரு லேப்பிலிருந்து ஒரு தம்பி பைக்கில் வந்தார். பெண்ணுக்கு மட்டும் எடுத்தால் போதும் என்றார். ஏன் பெண்ணுக்கு மட்டும் என்று கேட்க அன்று எனக்கு வாய் வரவில்லை.

அது மகளுக்கு மாதவிலக்கு வந்த 13ஆவது நாள். அவர் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தெரியாது. எடுத்த ரத்தத்தைத் தோள்பையில் போட்டுக்கொண்டு, பாம்பனில் இன்னும் இரண்டு வீடு இருக்கிறது என்று கிளம்பினார். மணி பதினொன்றரை. அந்த வெயிலில் மீன் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

எல்.எச். என்ற ஹார்மோன் அளவு ஏகத்துக்கு ஏறியிருக்கிறது, சினைப்பை நீர்க்கட்டிதான் என்று லேப்பில் போனிலேயே சொல்லிவிட்டார்கள். ரிப்போர்ட் மகளின் போனிலிருந்து மருமகன் போனுக்கும், அங்கிருந்து சம்பந்தியம்மா வீட்டுக்கும் போனது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் ஒரு அக்கா என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். மகள் நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மதுரைக்குக் கூட்டிப்போனேன். மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "எத்தனாவது நாள் எடுத்தது?" என்பதுதான். கருமுட்டை வெளிவரும் சமயத்தில் எல்.எச். ஏறத்தான் செய்யுமாம். எஃப்.எஸ்.எச். என்ற இன்னொரு ஹார்மோன், எல்.எச். இரண்டையும் மாதவிலக்கின் இரண்டாவது மூன்றாவது நாளில் பார்க்க வேண்டுமாம். உடம்பு ஒழுங்காக வேலை செய்ததைத்தான் நோய் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதம் மூன்றாவது நாள் காலையில் மறுபடி எடுத்தோம், எல்லாம் சரியாக இருந்தது. மருமகனுக்கும் அங்கேதான் பார்த்தார்கள். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் காலையில் கூடுதலாக இருக்கும், அதனால் காலையில் எடுக்க வேண்டும், ராத்திரி முழுக்கக் கண்விழித்துக் கடலிலிருந்து வந்த அன்று வேண்டாம் என்றார். திங்கள், புதன், சனி கடலுக்குப் போகிறவருக்கு எது வசதியான நாள்?

அந்த மதுரைப் பயணமும் அப்போது சுலபமில்லை. 2022 டிசம்பரில் பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை மறுகரையில் இருக்கும் மண்டபம் போய்த்தான் ரயில் ஏறினோம். திறந்த பாலத்தை நடுப்பக்கத்தில் வண்ணப்படமாகப் போட்டீர்கள், அழகாகவே இருந்தது. ரயில் இல்லாத அந்த இரண்டு வருஷத்தில் நோயாளிகளை எப்படிக் கொண்டுபோனோம் என்று ஒரு வரி வரவில்லை. வீடுகளில் வாங்கும் கல்லுப்பில் தைராய்டுக்கு வேண்டிய அயோடின் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லி எழுதுங்கள் என்று இரண்டு தடவை கடிதம் போட்டேன். இடம் இல்லாமல் இருந்திருக்கலாம், அதற்காக வருத்தப்படவில்லை என்று சொன்னால் பொய்.

எனக்கே 11 வருஷமாகத் தைராய்டு மாத்திரை. மாத்திரையைப் போட்ட கையோடு ரத்தம் கொடுத்தால் டி4 என்ற தைராய்டு ஹார்மோன் கூடுதலாகக் காட்டும், ரத்தம் கொடுத்த பிறகுதான் மாத்திரை என்று இத்தனை வருஷமும் ஒருவரும் சொல்லவில்லை. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண் சர்க்கரையும் பிரஷரும் அக்கறையாகப் பார்க்கிறார். தைராய்டைப் பற்றிக் கேட்டால் அது எங்களிடம் இல்லை அக்கா என்கிறார், பாவம்.

வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பது தப்பு என்று நான் சொல்லவே இல்லை. நடக்க முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் எந்த நாள் என்று சொல்லாமல் வசதி என்று மட்டும் சொன்னால், என் மகளைப் போல இன்னொரு பிள்ளை அழும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல.

அடுத்த இதழில் ஒரு சிறு கட்டம் போடுங்கள், போதும். எந்த ஹார்மோனுக்கு மாதவிலக்கின் எத்தனாவது நாள், காலையிலா, வெறும் வயிற்றிலா, முடி கொட்டுகிறதென்று சாப்பிடும் பயோட்டின் மாத்திரையை எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று ஒரு மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். வெட்டி என் தையல் கடைச் சுவரில் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி