ஆண்டறிக்கை: நம் தொகுப்புக்கு இன்னொரு கூரை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த அறிக்கையின் பெரும்பகுதி ஒரே வேலையைப் பற்றியது: நம் ஒலி, ஒளிப்பதிவுகளுக்கும் ஸ்கேன் செய்த படங்களுக்கும் வேறோர் இடத்தில் பேக்கப், அதாவது காப்புப் பிரதி, ஏற்படுத்தியது.

தொகுப்பு 12 டெராபைட்டைத் தொட்டுவிட்டது. எல்லாமே சங்க அறையில் உள்ள நாஸ் பெட்டியில், அதாவது பல டிஸ்க்குகள் கொண்ட நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியில், இருக்கிறது. பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ரெய்டு முறை என்பதால் ஒரு டிஸ்க் பழுதானாலும் கவலையில்லை. ஆனால் ரெய்டு பேக்கப் ஆகிவிடாது. கைதவறி ஒரு கோப்பை அழித்தால் அது எல்லா டிஸ்க்கிலும் அழியும். தீயோ திருட்டோ வந்தால் பெட்டியே போய்விடும். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்கள் பயன்படுத்திய ஜி-டிரைவ் என்ற கோப்புச் சேமிப்பில் இருந்த சுமார் 858 டெராபைட் அழிந்தது. அளவு மிகப் பெரியது, அதனால் வெளியே பிரதி வைக்கவில்லை என்றார்கள். ‘இவ்வளவு பெரிய தொகுப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது?’ என்று நம் செயற்குழுவிலும் கேட்கப்பட்டதால் இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

முதலில் வந்த யோசனை, ‘அளவில்லை’ என்று விற்கப்படும் கிளவுடு திட்டங்கள், அதாவது இணையம் வழியே ஒரு நிறுவனத்தின் கணினிகளில் சேமிப்பவை. அவற்றை நம்ப எனக்கு மனம் வரவில்லை. வீட்டுப் பயனாளர்களுக்கான கிராஷ்பிளான் பேக்கப் சேவை 2018-இல் நின்றது. டிராப்பாக்ஸ் தன் அளவில்லாத் திட்டத்தை 2023-இல் கைவிட்டது. நம்மைப் போல அள்ளிக் கொட்டுகிறவர்கள் கூடக்கூட அந்தக் கணக்கு நிறுவனத்துக்குக் கட்டுப்படியாவதில்லை. மேலும், தனிநபர் திட்டங்கள் பலவும் நாஸ் பெட்டியை ஏற்பதில்லை.

அடுத்து, அரிதாகவே எடுக்கும் கோப்புகளுக்கான அமேசானின் கிளவுடு சேமிப்பு, கிளேசியர் டீப் ஆர்க்கைவ். வைப்பதற்கு மட்டும் ஆகும் செலவைப் பார்த்தால், கிளவுடில் இவ்வளவு மலிவானவை சிலவே. ஆனால் எதை வைத்தாலும் குறைந்தது 180 நாளுக்குக் கட்டணம் உண்டு. திரும்பக் கேட்டால் கோப்பு தயாராகவே 12 மணி நேரம் வரை ஆகும். மலிவான முறையில் கேட்டால் 48 மணி நேரம் வரை. எடுப்பதற்கு ஒரு கட்டணம், வெளியே இறக்குவதற்கு இன்னொன்று. முழுத் தொகுப்பையும் ஒரே வீச்சில் மீட்க வேண்டி வந்தால், வைத்திருந்ததைவிட மீட்பதற்கே பெரும் தொகை ஆகிவிடும். எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் நாங்கள் முதலில் கேட்டது ‘திரும்ப எடுக்க எவ்வளவு?’ என்றுதான்.

நேரமும் செலவுதான். விநாடிக்கு 20 மெகாபிட் அப்லோடு வேகத்தில் 12 டெராபைட்டை ஏற்ற, இணைப்பு இடைவிடாமல் ஓடினாலும் 55 நாளுக்கு மேல் ஆகும். அதையே யுஎஸ்பி வழியாக ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுத்தால் ஏறத்தாழ ஒரு நாள். கணினித் தரவைப் பதியும் எல்டிஓ-9 வகைக் காந்த டேப் ஒன்றே 18 டெராபைட் கொள்ளும், டேப்பும் மலிவு. ஆனால் அதை ஓட்டும் கருவியின் விலை நம் அளவுக்குத் தாங்காது. தொகுப்பு நூறு டெராபைட்டை நெருங்கும்போது அதை மறுபடி பேசலாம்.

எனவே தொகுப்பை இரண்டாகப் பிரித்தோம். மறைந்துவிட்ட மூத்தவர்களின் நேர்காணல்கள், மூலப்படமே உதிர்ந்துபோன ஸ்கேன்கள் போன்று இனி ஒருபோதும் எடுக்க முடியாதவை 1 டெராபைட்டுக்குள் அடங்கின. அவை ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளால் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டப்பட்டு, கேட்ட உடனே தரும் கிளவுடு சேமிப்புக்கு இரவுதோறும் போகின்றன. முழுத் தொகுப்புக்கும் 16 டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்கினோம். ஒன்று எப்போதும் வேறு பகுதியில் உள்ள ஓர் உறுப்பினர் வீட்டில் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, புதிதாக நகலெடுத்தது அங்கே போய்ச் சேர்ந்த பிறகே பழையது திரும்பும்.

ஆள் கொண்டுபோய் வைக்கும் முறை நாளடைவில் தளர்ந்துவிடும் என்று துணைச் செயலாளர் எதிர்த்தார். அந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் மாற்றும் நாளைக் காலாண்டுக் கூட்ட நாளோடு சேர்த்து, நிகழ்ச்சி நிரலிலேயே எழுதிவிட்டோம்.

மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. சங்கக் கணினி எதையும் தொடாமல், ஓர் உறுப்பினரின் மடிக்கணினியில் ரெஸ்டிக்கை நிறுவி, தலைவரிடம் உள்ள ஒட்டிய உறையைப் பிரித்துப் பாஸ்வேர்டைத் தட்டினோம். ஒரு நேர்காணல் இறங்கியது. கோப்பு சிறிது மாறினாலும் மாறிவிடும் எஸ்எச்ஏ-256 என்ற சரிபார்ப்புக் குறியீட்டை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் முன்பே குறித்துவைத்த பட்டியலில் விரல் வைத்துச் சரிபார்த்தார். 64 எழுத்தும் ஒத்தன. பிறகு அந்தக் குரலைக் கேட்டோம். அவரை அறிந்தவர்கள் சிறிது நேரம் எழுந்திருக்கவே இல்லை. அந்தப் பாஸ்வேர்டு தொலைந்தால் கிளவுடில் உள்ள எதையும் யாராலும் மீட்க முடியாது. ஆகவே இன்னோர் உறை பொருளாளரிடம் உள்ளது.

பொதுக்குழுவிடம் கேட்பவை இரண்டு. பழுதாகும் டிஸ்க்கை மாற்ற ஆண்டுதோறும் ஒரு தொகையைத் தனியே ஒதுக்கத் தீர்மானம் வேண்டும். இப்போது டிஸ்க்கை வைத்திருப்பவர் வெளியூர் போகும் நாள்களுக்கு மாற்றாக இன்னொரு வீடும் வேண்டும். முன்வருவோர் கூட்டம் முடிவதற்குள் என்னிடம் பெயர் கொடுக்கவும்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்