தராசு உத்தியோகம்

பெரம்பூர்,
சென்னை.

அன்புள்ள மலர்,

நீ மூச்சுவிடாமல் பேசி அனுப்புகிற வாய்ஸ் மெசேஜுக்கெல்லாம் நான் கட்டைவிரலை மட்டும் நீட்டுகிறேன் என்று திட்டியிருந்தாய். சரி, திட்டு. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். வீட்டுக்காரர் நலம். சின்னவள் ப்ளஸ் டூ என்பதால் வீட்டில் டி.வி. கிடையாது. சாந்தா மிஸ் ரிட்டயர் ஆகிவிட்டார். விழாவில் அந்தத் தவளை விஷயத்தை மைக்கிலேயே சொல்லிவிட்டார், உன் பெயரோடு. நான் கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "பத்து வருஷமா அதே பிள்ளைகளைத் தராசில் ஏத்தி இறக்குறியே, எடை கூடுச்சுங்கிறதைத் தவிர என்னடி கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாயே. அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். போன வாரம் ஆபீசில் ஒரு சண்டை. அதிலிருந்து அந்தக் கேள்வி மண்டையைக் குடைகிறது.

பிறந்ததிலிருந்து அதே பிள்ளைகளை அளந்து தொடர்கிற எங்கள் ஆய்வில், மூன்று முறை தேடிப் போயும் கிடைக்காத குடும்பங்களின் ஃபைலை மூடிவிடலாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். பணம் இல்லையாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிடைக்காத குடும்பங்கள் யார்? கூவம் கரையில் வீடு இடிபட்டு நகரத்துக்கு வெளியே அனுப்பப்பட்டவர்கள். வாடகை ஏறியதும் சொல்லாமல் கிளம்பியவர்கள். புருஷன் அடி தாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு போனவள். இவர்களைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது சொந்த வீட்டுக்காரர்களும் போன் நம்பர் மாற்றாதவர்களும்தான். அப்புறம் பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்கள் என்று ரிப்போர்ட் வரும். ஏன் வராது? வளராத பிள்ளையின் ஃபைலைத்தான் மூடியாயிற்றே!

போன மாதம் ஒரு பையனைத் தேடிப் பெரும்பாக்கம் போனேன். எட்டு மாடி பிளாக்குகள், எல்லாம் ஒரே அச்சு. பழைய இடத்தில் இன்னும் பூ விற்கிற அவன் சித்தி, "தண்ணி டேங்குக்குப் பக்கத்து பிளாக்கு, லிஃப்டை நம்பாதே" என்று மட்டும் சொல்லியிருந்தாள். நம்பவில்லை, ஏறினேன். கதவைத் திறந்தவனே அவன்தான். பிறந்தபோது இரண்டு கிலோகூடத் தேறாத பயல், இப்போது என் தோள் உயரம். பிள்ளையை அளந்தால் கண் பட்டுவிடும் என்று பாட்டி முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். ஏழு வயதுக்கு மேல் பிள்ளையிடமும் சம்மதம் கேட்கவேண்டும் என்பது விதி. கேட்டேன். கையைக் கட்டிக்கொண்டு யோசித்தான். "ஹைட்டு ஓகே, வெயிட்டு ஓகே, ஊசி மட்டும் மாட்டேன்." அவன் அம்மா கையைப் பிடித்து நீட்டி, "நீங்க எடுங்க மேடம்" என்றாள். எடுக்கவில்லை. 'ரத்தம்: மறுப்பு' என்று எழுதிக்கொண்டு வந்தேன். அதற்கு டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

இந்தப் பயலை ஏன் விடக்கூடாது தெரியுமா? டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்த பிள்ளைகளை விடாமல் அளந்துகொண்டே வந்து, அவர்கள் முப்பதை ஒட்டியபோது சர்க்கரை பார்த்தார்கள். சர்க்கரையோ, அதன் தொடக்கமோ இருந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு வயது வரை ஒல்லியாக இருந்து, பிறகு மளமளவென்று எடை போட்டவர்கள். பன்னிரண்டு வயதில் பார்த்திருந்தால் யாரும் அவர்களைக் குண்டு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். புனேக்குப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்த பிள்ளைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தில் 3.5. சதைதான் குறைவு, தோலுக்கடியில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. இதெல்லாம் ஒருநாள் முகாம் போட்டால் தெரியுமா? அதே பிள்ளை, அதே தராசு, வருஷக்கணக்கு. வேறு வழியே கிடையாது, மலர்.

நியூசிலாந்தில் டனீடின் என்று ஓர் ஊர். 1972-73-இல் அங்கே பிறந்த 1,037 பேரைத் தொடர்ந்தார்கள். 45 வயதில், உயிரோடு இருந்தவர்களில் 94 சதவீதம் பேர் வந்து நின்றார்கள். எந்த நாட்டில் இருந்தாலும் விமான டிக்கெட் போட்டு வரவழைத்தார்கள். எங்களுக்கு ஷேர் ஆட்டோ பில்லுக்கே ஆயிரம் கேள்வி!

வெளிநாட்டில்தான் முடியும் என்று சொல்லாதே. 1956-இல் இதே மெட்ராஸில் காசநோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியம் என்கிற காசநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், பாதிப் பேரைக் குடிசையிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். வீட்டில் வைத்தால் பிள்ளைகளுக்கு ஒட்டாதா என்று அந்தக் குடும்பங்களை ஐந்து வருஷம் கூடவே தொடர்ந்தார்கள். சானடோரியக்காரர்களின் குடும்பங்களைவிட இவர்களுக்கு நோய் கூடுதலாக வரவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் அந்தக் குடிசைகளுக்கும் பங்கு உண்டு. போன் இல்லாத காலம், சந்து சந்தாக நடந்தே போய்ப் பார்த்திருக்கிறார்கள். மீட்டிங்கில் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் ஒருவர், "அது அந்தக் காலம்மா" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு எதிரில் இருந்த டீயைக் குடித்துவிட்டேன், அது அவருடைய டீ.

கடைசியில் பாதிதான் ஜெயித்தேன். மூடவேண்டிய பட்டியலை மூன்று மாதம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். அதற்குள் தேடிப் பிடிக்கவேண்டும்.

அதில் இரண்டு குடும்பம் பனியன் கம்பெனி வேலைக்காக உன் திருப்பூருக்கு வந்திருப்பதாகத் தகவல். பெயர் கேட்காதே, சொல்லமாட்டேன். ரகசியம் காப்போம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம், உன் வாயைப் பற்றி ஊருக்கே தெரியும். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமையை ஒட்டி வருகிறேன். லாட்ஜுக்கெல்லாம் பில் வராது, உன் வீட்டில்தான் படுக்கை. உயரம் அளக்கும் கட்டையையும் தராசையும் தூக்கிக்கொண்டு வருவேன், அதனால் ஸ்டேஷனுக்கு அண்ணனை வண்டியோடு அனுப்பு. நீ தராசில் ஏறவேண்டியதில்லை, பயப்படாதே. ராத்திரி எத்தனை மணியானாலும் எனக்குச் சோறு வேண்டும், லெமன் சாதம் மட்டும் வேண்டாம்.

உன்,
தேவி